பேச்சியம்மாள் பற்றவைத்த கொக்கி

வியாழன், காலை 5.50

திண்டுக்கல்லில் என் வீட்டு வாசலிலிருந்து ஜீப்பைக் கிளப்பும்போது அதற்கு முகமே இல்லை. பம்பர் இருக்கவேண்டிய இடத்தில் நான்கு போல்ட் துளைகளும் ஒரு தேங்காய்நார்க் கயிறும்தான் இருந்தன. கயிறு நம்பர் பிளேட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்தபடி, "இதோடயா அவ்வளவு தூரம் போறீங்க?" என்று கேட்டார். இதற்காகத்தான் போகிறேன் என்றேன்.

நான் தேனீ வளர்ப்பவள். முருங்கை பூக்கும்போது ஒட்டன்சத்திரம் பக்கமும், காப்பி பூக்கும்போது சிறுமலைக்கும் பெட்டிகளைக் கொண்டுபோய் வைப்பேன். ஜீப்புக்குப் பத்தொன்பது வயது. நான்கு சக்கரமும் இழுக்கும். போன வருடம் இணையத்தில் பார்த்து, பளபளப்பான பம்பர் ஒன்று வாங்கிப் பொருத்தினேன். போன மாதம் சிறுமலையில் ஒரு பால் ஆட்டோ ஓடைக்குள் இறங்கிவிட்டது. என் பம்பரில் கயிற்றைக் கட்டி இழுத்தேன். பம்பர் வந்துவிட்டது, ஆட்டோ அங்கேயே நின்றது. அதே வாரத்தில் கூரைமேல் இருந்த கேரியரின் கால் விரிசல் விட்டு, வளைவுக்கு வளைவு பெட்டிகள் குலுங்கின. மலைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தவுடன் இருபத்துமூன்று கொட்டு வாங்கினேன். எண்ணியது நான் இல்லை, ஊசி போட்ட நர்ஸ்.

கோயம்புத்தூரில் ஒரு கடையில் இரண்டுக்கும் சேர்த்து முப்பத்தெட்டாயிரம் கேட்டார்கள். என்னிடம் தேன் வாங்கும் தாண்டிக்குடித் தோட்டக்காரர் ஒருவர்தான் வழி சொன்னார். "சாத்தூர் தாண்டி ஏழாயிரம்பண்ணை போங்க. வீட்டுல வச்சே செய்யறாங்க. போர்டு கிடையாது. ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி வேப்பமரத்தடியில பழைய ஜீப் ரெண்டு நின்னா அதுதான் பட்டறை." அவர் வண்டியின் பம்பரை நான் பார்த்திருக்கிறேன். நான்கு வருடமாகக் காட்டுப்பாதையில் அடி வாங்குகிறது. வண்ணம் மட்டும்தான் போயிருக்கிறது.

8.25

மதுரையை வெளிவட்டச் சாலையில் கடந்து, திருமங்கலம் தாண்டி விருதுநகர். நான்கு இட்லி, ஒரு வடை, காப்பி, எழுபது ரூபாய். கடையில் சாப்பிட்ட லாரிக்காரர்கள் இருவர் என் கயிற்றைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விருதுநகரிலிருந்து சாத்தூர் இருபத்தாறு கிலோமீட்டர். சாத்தூரில் கால் கிலோ காராச்சேவு வாங்கி முன் இருக்கையில் வைத்துக்கொண்டு தென்மேற்காகத் திரும்பினேன். அங்கிருந்து நிலம் கறுப்பு. புரட்டாசி மாதம், மழை இரண்டு நாள் பெய்து நின்றிருந்தது. மக்காச்சோளம் முழங்கால் உயரம். சோளத்துக்கு நடுவே, ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும் சின்னச் சின்ன அறைகளாகப் பட்டாசுக் கம்பெனிகள். ஒவ்வொரு வாசலிலும் சிவப்பு எழுத்தில் ஒரே எச்சரிக்கை: தீப்பெட்டி, பீடி, செல்போன் உள்ளே கூடாது. தீபாவளி சீசன். ஆள் ஏற்றிய வேன்கள் எதிரே வந்துகொண்டே இருந்தன.

10.05

மீட்டரில் 161 கிலோமீட்டர். வேப்பமரம் இருந்தது. அதன் அடியில் ஜீப் இரண்டு இல்லை, மூன்று.

தகரக் கூரைக்குக் கீழே ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெல்டிங் செய்துகொண்டிருந்தார். ஆண்பிள்ளைச் சட்டை, முழுக்கை, முகத்தை மறைத்த கறுப்புக் கண்ணாடி முகமூடி. வேலை முடியட்டும் என்று நின்றேன். முகமூடி உயர்ந்தது. நாற்பது வயதுப் பெண். சட்டைக்குக் கீழே சேலை. நெற்றியில் வியர்வையோடு குங்குமம் கலைந்திருந்தது.

"வாங்கக்கா. எங்கன இருந்து வர்றீக?"

"திண்டுக்கல். பம்பரும் கேரியரும் செய்யணும். அண்ணாச்சி இல்லையா?"

"இருக்காக. உள்ள பைப்பு வளைச்சுக்கிட்டு இருக்காக. என்ன வேணும்னு என்கிட்டச் சொல்லுங்க."

உள்ளேயிருந்து அவர் கணவர் குருசாமி வந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "அளவு எடுக்கது, ஒட்டுறது எல்லாம் பேச்சியம்மாதான். நான் வெட்டவும் வளைக்கவும் மட்டுந்தான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. திண்டுக்கல்லில் நான் போகும் எந்தப் பட்டறையிலும் முதல் கேள்வி, "சார் வரலையா?" என்பதுதான். பதினான்கு வருடமாக அந்தக் கேள்விக்கு எரிச்சல்பட்டு வருகிறேன். அதே கேள்வியை நூற்று அறுபது கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்து நானே கேட்டிருக்கிறேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பம்பர் எப்படி வேண்டும் என்று பேசும்போது, பால் ஆட்டோ கதையைச் சொன்னேன். முன்னால் இரண்டு இழுவைக் கொக்கிகள் வேண்டும், ஆள் உயிர் அதை நம்பி இருக்கும் என்றேன். அப்புறம், யோசிக்காமல், "கொக்கியை மட்டும் அண்ணாச்சி ஒட்டுனா நல்லா இருக்கும்" என்றும் சொல்லிவிட்டேன்.

பேச்சியம்மாள் கோபப்படவில்லை. என் ஜீப்பின் அடியில் படுத்து, இரும்புச் சட்டத்தை விரலால் தட்டிப் பார்த்தபடி பதில் சொன்னார்.

"அவுகளுக்குக் கண்ணு கூசுதுன்னு டாக்டரு வெல்டிங் பாக்கவே கூடாதுன்னுட்டாருக்கா. அதனால நான்தான் ஒட்டணும். செஞ்சு முடிச்ச பெறகு அதே கொக்கியில ஒங்க ஜீப்பத் தூக்கிப் பாப்போம். தாங்கலையா, காசு வேண்டாம், நீங்க போயிரலாம்."

இன்னொரு விஷயத்திலும் எனக்குத் தோல்விதான். பம்பருக்கு முன்னால் எருமைக் கொம்புபோல வளைந்த குழாய் வேண்டும் என்று கேட்டேன். சிறுமலையில் பலர் அப்படி வைத்திருக்கிறார்கள்.

"அது வைக்க மாட்டேன்" என்றார். "சட்டப்படியும் கூடாது. அதுவும் போக, ரோட்டுல ஒரு ஆளு குறுக்க வந்துட்டா அந்தக் கம்பி அவனச் சும்மா விடாது. பம்பரு வண்டியோட அகலத்துக்குள்ள, ஒடம்போட ஒட்டித்தான் இருக்கணும். கொக்கி மட்டும் நேரா சேஸ்ல உக்காரும். ஒங்க பளைய பம்பர்ல கொக்கி தகட்டுல இருந்துச்சு. தகடு எம்புட்டுத் தாங்கும்?"

சேஸ் என்பது வண்டியின் அடிச்சட்டம். பால் ஆட்டோவுக்கு அன்று நான் கட்டிய கயிறு வெறும் தகட்டைத்தான் இழுத்திருக்கிறது. அதை இவர் ஒரு நிமிடத்தில் சொன்னார். விற்றவர்கள் சொல்லவில்லை.

பம்பர் ஒன்பதாயிரத்து ஐந்நூறு, கேரியர் பதினாலாயிரம் என்று பேசி முடித்தோம். சிவகாசிக்குப் போய் லாட்ஜில் தங்குகிறேன் என்றேன். "எதுக்கு? இங்கனயே இருங்க" என்று சொல்லி என் பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

பிற்பகல் 3.00

சாப்பாட்டுக்குப் பின் வேலை தொடங்கியது. குருசாமி கறுப்பு இரும்புக் குழாய்களைச் சுண்ணக்கோட்டில் வைத்து வளைத்தார். எந்த எந்திரமும் இல்லை. பழைய லாரியின் ஆக்சிலை மண்ணில் நட்டு, அதைப் பிடிமானமாக வைத்து வளைக்கிறார். இரண்டு முனையும் ஒன்றுபோல வந்தது. நான் டேப் வைத்து அளந்தேன். ஒரு நூல் கூட வித்தியாசமில்லை. அவர் நான் அளப்பதைப் பார்த்துவிட்டு அடுத்த குழாயை எடுத்தார்.

இடையிடையே பேச்சியம்மாள் தன் கதையைச் சொன்னார். பதினோரு வருடம் பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகும் வேலை. அறைக்குள் நுழையும்முன் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் நுழையவேண்டும், உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கிப்போக. இரும்புச் சாமான் உள்ளே வரக்கூடாது. கீழே எதுவும் விழக்கூடாது.

"பதினோரு வருசம் ஒரு பொறி வந்துறக் கூடாதுன்னு பயந்து பயந்து ஒக்காந்திருந்தேன். இப்பப் பொறி வந்தாத்தான் சோறு" என்று சொல்லிச் சிரித்தார்.

கணவருக்குக் கண் கெட்டபோது பட்டறையை மூடிவிடலாம் என்று பேச்சு வந்தது. பேச்சியம்மாள் வேலை முடிந்து வந்து, குளித்து, சேலை மாற்றி, துண்டு இரும்புகளை ஒட்டிப் பழகினார். கம்பெனிச் சேலையில் வெடிமருந்து ஒட்டியிருக்கும் என்பதால், அதை மாற்றாமல் ஒருநாளும் வெல்டிங் ராடைத் தொட்டதில்லை. ஆறு மாதம் கழித்துக் கம்பெனியை விட்டு நின்றார். முதலில் டிராக்டர் வேலைதான். ஒரு தோட்டக்காரரின் ஜீப்புக்குக் கேரியர் செய்துகொடுத்தார். அவர் இன்னொருவரை அனுப்பினார். இப்போது மூணாறு, வால்பாறை, ஏற்காட்டிலிருந்தெல்லாம் வண்டி வருகிறது.

"கம்பெனியில கூட இருந்தவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாளு கேலி பண்ணாக, அப்புறம் மறந்துட்டாக. சம்முகத்தாதான் இன்னும் பேச மாட்டா. பதினோரு வருசமும் எனக்குப் பக்கத்துப் பாயில ஒக்காந்து வேலை பாத்தவ." கையிலிருந்த ராடைக் கீழே வைத்தார். "அவ தங்கச்சி ஒரு வெடி விபத்துல போயிட்டா. நம்ம ஊருக் கம்பெனி இல்ல, வேற பக்கம். நான் வெல்டிங் படிக்கேன்னு தெரிஞ்ச அன்னிக்கு, 'நெருப்ப நீயா தேடிப் போறே'ன்னு கேட்டா. அதோட சரி. அவள நான் குத்தம் சொல்ல மாட்டேன்."

வெள்ளி, காலை 9.10

கேரியருக்கு அடியில் வைக்க ரப்பர் வேண்டும். பேச்சியம்மாளின் ஏற்பாடு இதுதான்: தேனீக்குக் குலுக்கல் ஆகாது, ஆகவே ஜீப் கூரைக்கும் கேரியர் காலுக்கும் நடுவே ரப்பர், பெட்டி உட்காரும் சட்டத்தின்மேலும் ரப்பர். "சிவகாசியில பிரஸ்காரக கழிச்சுப் போடுற ரப்பர் கிடைக்கும். அம்புட்டுக் கெட்டி, அம்புட்டு மெதுவு. நாலு கிலோ வாங்கிட்டு வாங்க."

டவுன் பஸ்ஸில் போனேன். பெண்களுக்குக் கட்டணமில்லை. கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்து நீட்டினார். ஒரு மணி நேரம். நாரணாபுரம் வரும்போதே பஸ்ஸில் வெடிமருந்து வாசனை ஏறிவிட்டது. சிவகாசிக்குள் அது போய் அச்சு மை வாசனை வந்தது. ஒரு சந்து முழுக்க அடுத்த வருடக் காலண்டர்கள். வெட்டிய காகிதத் துண்டுகள் சாக்கடையோரம் மஞ்சளும் சிவப்புமாகக் கிடந்தன.

பழைய ரப்பர் விற்கும் கடைக்காரர் கிலோ அறுபது என்றார். எதற்கு என்று கேட்டார். தேனீப் பெட்டிக்கு அடியில் வைக்க என்றேன்.

"ஈக்கு மெத்தையா?" என்று வியந்தார். "இந்த ரப்பரு போன வருசம் முருகன், பிள்ளையாரு, லட்சுமின்னு சாமி காலண்டரெல்லாம் அடிச்சதுங்க. ஒங்க ஈயெல்லாம் புண்ணியம் பண்ணது."

ஐந்து கிலோவாக வாங்கிக்கொண்டேன்.

பிற்பகல் 3.20

திரும்பி வந்தபோது ஜீப்புக்கு முகம் வந்திருந்தது. கறுப்பு வண்ணம், ஒடுங்கிய நேரான பம்பர், இரண்டு பக்கமும் கட்டைவிரல் பருமனில் கொக்கிகள். மேலே நான்கடிக்கு ஆறடி கேரியர். ரப்பரை வெட்டிப் பொருத்தியதும், கேரியரைக் கையால் அடித்துப் பார்த்தேன். சத்தமே வரவில்லை.

"இப்பத் தூக்குவோம்" என்றார் பேச்சியம்மாள்.

கூரையின் இரும்பு உத்தரத்தில் தொங்கிய, பாரம் தூக்கும் செயின் பிளாக்கை இடது கொக்கியில் மாட்டினார். குருசாமி சங்கிலியை இழுக்க இழுக்க ஜீப்பின் முன்பாகம் மெல்ல எழும்பியது. இரண்டு முன்சக்கரமும் தரையை விட்டு ஒரு முழம் மேலே. ஒற்றைக் கொக்கியில் ஜீப்பின் முன்பாதி அந்தரத்தில் நின்றது. பேச்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒட்டிய இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். பத்து நிமிடம் அப்படியே விட்டார். பிறகு வலது கொக்கி.

"அண்ணாச்சி ஒட்டியிருந்தா இன்னும் கொஞ்சம் மேல போயிருக்குமோ?" என்று குருசாமி என்னைக் கேட்டார். நான் டார்ச்சை வாங்கி, தேவையில்லாமல் கொக்கியைப் பார்த்தேன்.

மாலை 4.30

புதிதாகப் பூட்டிய போல்ட்டுகளைப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி முறுக்கவேண்டுமாம். வெம்பக்கோட்டை அணை வரைக்கும் போய்வரலாம் என்று பேச்சியம்மாள் ஸ்பானரோடு ஏறிக்கொண்டார். எட்டுப் பெட்டிக்குப் பதிலாக எட்டுச் சாக்கு மணல், ஒவ்வொன்றும் பதினெட்டு கிலோ, கேரியரில் ஏற்றினோம். பட்டறையில் கிடந்த கனத்த சங்கிலியையும் பின்னால் போட்டார்.

போகும்போதே மழை பிடித்தது. அரை மணி நேரம் கொட்டிவிட்டு நின்றது. அணைக்கு இரண்டு கிலோமீட்டர் முன்பாக, ஓடைக்குக் குறுக்கே ஒரு தரைப்பாலம். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த கம்பெனி வேன் ஒன்று அதில் மாட்டியிருந்தது. பாலத்தின் விளிம்பு மண் கரைந்து, இடப்பக்கச் சக்கரம் இரண்டும் வெளியே போய்விட்டன. வேன் ஓடையைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. ஆள் இறங்கும் கதவு அந்தப் பக்கம்தான். கீழே ஆறடிப் பள்ளம், பாறை, இடுப்பளவு செம்மண் நீர். பின்கதவு பூட்டுப் போய்க் கம்பியால் கட்டியிருந்தது. உள்ளே பதின்மூன்று பெண்கள். ஒருவர் அசைந்தாலும் வேன் முனகியது.

டிரைவர் மட்டும் வலப்பக்கக் கதவு வழியாக வெளியே வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். "ஒரு ஆளு எந்திரிச்சாலே சாயுதும்மா. டிராக்டருக்குச் சொல்லியிருக்கேன். வர முக்காமணி நேரம் ஆவும்ங்காக."

பேச்சியம்மாள் ஓடைத் தண்ணீரைப் பார்த்தார். மேற்கே மழை இன்னும் கறுப்பாக நின்றது.

"முக்காமணி நேரம் இந்த மண்ணு நிக்காது" என்றார். "அக்கா, ஜீப்ப நேரா நிறுத்தாதீக. வேனுக்கு வலப்பக்கமா, கோணலா. அங்கன, அந்தக் கல்லுக்குப் பக்கத்துல."

நிறுத்தினேன். அவர் மணல் சாக்குகளைக் கீழே தள்ளச் சொல்லி, டிரைவரோடு சேர்ந்து என் நான்கு சக்கரத்துக்கும் முன்னால் முட்டுக் கொடுத்தார். சங்கிலியின் ஒரு முனையை வேனின் முன் வலது மூலையில் சட்டத்தோடு கட்டினார். மறுமுனையை என் கொக்கிக்குக் கொண்டுவந்தவர், அதற்கு முன் இரண்டு சாக்கை அவிழ்த்து உதறி, ஓடையில் நனைத்து, இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில் சுற்றினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உள்ளே இருப்பவர்கள் நாள் முழுக்க வெடிமருந்துக்குள் உட்கார்ந்துவிட்டு வருகிறவர்கள்.

வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் மரத்தடியில் பீடி பற்றவைக்கப் போனார். பேச்சியம்மாள் போட்ட சத்தத்தில் நானே திடுக்கிட்டேன்.

"யோவ், பீடியத் தூரப் போடும்! உள்ள பதிமூணு சேலையிலயும் மருந்து இருக்கு!"

பீடியும் தீப்பெட்டியும் சேற்றுக்குள் விழுந்தன.

ஜீப்பை ஒரு சாண் பின்னால் நகர்த்தினேன்; டிரைவர் சாக்குகளை மறுபடி சக்கரத்தோடு ஒட்டித் தள்ளினார். சங்கிலி விறைத்தது. வேன் சாய்வது நின்றது. இன்ஜினை அணைத்து, கியரில் விட்டு, பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டேன். இனி பதின்மூன்று பேரும் டிரைவர் சீட்டு வழியாக ஒவ்வொருவராக வெளியே வரவேண்டும். அதுவரை அவ்வளவு பாரமும் அந்த ஒரு கொக்கியில்.

முதல் பெண் வந்தார். இரண்டாவது. ஒவ்வொருவர் எழும்போதும் வேன் ஒரு பக்கம் அமிழ்ந்து, சங்கிலி 'டங்'கென்று இழுக்கும். டிரைவர்தான் கைகொடுத்து இறக்கினார். பேச்சியம்மாள் வேனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் பம்பருக்கு முன்னால் சேற்றில் மண்டியிட்டு, ஒட்டிய கோட்டின்மேல் கண்ணை வைத்திருந்தார். நான் சன்னல் வழியாகத் தலையை நீட்டி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் ஏதாவது மாறினால் கத்தவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மாறவில்லை.

பன்னிரண்டு பேர் இறங்கிவிட்டார்கள். ஒருவர் வரவில்லை. கடைசி இருக்கையில், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். "சம்முகத்தாக்கா, வாங்க, வாங்க" என்று இறங்கியவர்கள் கூப்பிட்டார்கள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் பேச்சியம்மாள் எழுந்தார். சேற்றுக் கையோடு டிரைவர் கதவருகே போய் நின்றார்.

"சம்முகத்தா. நான்தான். வா."

கண் திறந்தது. "ஏ பேச்சி... நீ எங்கன வந்தே?"

"அது இருக்கட்டும். எந்திரி."

"விளுந்துரும், பேச்சி. யாரு சங்கிலி அது? எதுல மாட்டியிருக்கு?"

"எதுல மாட்டியிருக்குன்னு எனக்குத் தெரியும். நான் ஒட்டுனது. விளாது. வா."

சண்முகத்தாய் கம்பியை விட்டார். இருக்கை இருக்கையாகப் பிடித்து முன்னால் வந்தார். வேன் ஒருமுறை நன்றாகக் குலுங்கியது. கொக்கி அசையவில்லை. பேச்சியம்மாள் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்து இறக்கினார். இறங்கியதும் அவர் சாலையோரம் உட்கார்ந்து, வாயில் சேலையை வைத்து அழுதார்.

அதற்கப்புறம் எல்லாம் சுலபம். மீதி மணல் சாக்குகளை வேனின் சக்கரத்துக்கு அடியில் திணித்தோம். நான் நான்கு சக்கர கியரில் போட்டு மெதுவாகப் பின்னால் இழுத்தேன். வேன் முக்கி முனகிச் சாலைக்கு ஏறியது. பெண்கள் கைதட்டினார்கள். நான் இறங்கிப் போய்ப் பார்ப்பதற்குள் பேச்சியம்மாள் சேலை முனையால் கொக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வண்ணம் மட்டும் ஒரு விரல்கடை உரிந்திருந்தது. ஒட்டில் விரிசல் இல்லை.

நேரம் 5.55. டிராக்டர் வரவே இல்லை.

திரும்பும் வழியில் நான், "நேத்து நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க" என்றேன்.

"அத விடுங்கக்கா. வர்றவக எல்லாருந்தான் கேக்காக. ஆனா ஒங்க வண்டிய நீங்களே ஓட்டிக்கிட்டு வந்து எறங்கி, 'அண்ணாச்சி இல்லையா'ன்னு கேட்டீகளே, எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. முகமூடிய மறுபடியும் போட்டுக்கிட்டா என்னன்னு தோணுச்சு."

இருவரும் ஏழாயிரம்பண்ணை வரும்வரை சிரித்தோம். என் வாழ்நாளில் நான் வாங்கிய எந்தச் சாமானுக்காகவும் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. அதைச் செய்தவர் பக்கத்து இருக்கையில் ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சனி, காலை 6.40

புறப்படும்முன் நான் ஒன்று கேட்டேன். பம்பரில் எங்காவது உங்கள் பெயர் வேண்டும்.

பேச்சியம்மாள் முதலில் மறுத்தார். "பேரு எதுக்கு? பேரு பாத்தா வண்டி ஓடுது?" குருசாமிதான், "எளுது, அவுக கேக்காகல்ல" என்றார். சரி, ஆனால் முன்பக்கம் கூடாது, அடியில்தான் என்று ஒத்துக்கொண்டார். வெல்டிங் மின்சாரம் பாய்ந்து பேட்டரி கெட்டுவிடாமல் இருக்க அதன் வயரைக் கழற்றினார். பம்பரின் அடிப்பக்கம் தெரியும்படி ஜீப்பைச் செயின் பிளாக்கில் தூக்கினோம். அப்போது வாசலில் வேன் வந்து நின்றது.

நேற்றைய வேன்தான். விளிம்பெல்லாம் நசுங்கியிருந்தது. டிரைவர் தன் வண்டிக்கும் முன்னால் பின்னால் கொக்கி வேண்டும் என்று அளவு கொடுக்க வந்திருந்தார். பெண்களும் இறங்கிவிட்டார்கள். பேச்சியம்மாள் ஒவ்வொரு சேலையாகப் பார்த்தார்.

"தொவைச்சதுதான?"

"தொவைச்சதுதான், காலையில கட்டுனது" என்றார்கள்.

"சாயங்காலம்னா ஒரு ஆளையும் வாசல்ல விட மாட்டேன். இப்ப உள்ள வாங்க. வெறுங்கண்ணால பாக்கக் கூடாது. திரும்பிக்கிடுங்க. பாக்கணும்னா இந்தக் கண்ணாடி வளியாப் பாருங்க, ஒவ்வொரு ஆளா."

கையில் பிடித்துப் பார்க்கும் வெல்டிங் கண்ணாடி ஒன்றை அவர்களிடம் கொடுத்துவிட்டு, தன் முகமூடியை மாட்டிக்கொண்டார். தகரச் சுவரில் நீல வெளிச்சம் அடித்தது. பொறிகள் தெறித்தன. பெண்கள் முதுகைக் காட்டி நின்றார்கள். சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள், பழக்கம். கண்ணாடி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. வாங்கியவர் மட்டும் திரும்பிப் பார்ப்பார். 'ஆத்தாடி' என்பார். அடுத்தவருக்குக் கொடுப்பார். பத்து, இருபது வருடம் பொறியை எண்ணிப் பயந்தே சம்பாதித்தவர்கள் அவர்கள். ஒருவர்கூட முழுதாக ஒரு பொறியை நின்று பார்த்திருக்க மாட்டார்.

சண்முகத்தாய் வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றார். கண்ணாடி எல்லோரிடமும் போய் முடிந்தது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவராகவே வந்தார். கண்ணாடியை வாங்கினார். கொஞ்ச நேரம் அதை மார்போடு வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். பிறகு முகத்துக்கு முன்னால் பிடித்துத் திரும்பினார்.

ஒரு ராடு முழுக்கக் கரைந்து தீரும்வரை பார்த்தார். வெளிச்சம் அணைந்தபின்னும் கண்ணாடியை இறக்கவில்லை.

"பச்சையா இருக்கு" என்றார் கடைசியில். "சின்னதா, ஒரு புள்ளி."

பேச்சியம்மாள் முகமூடியை உயர்த்தினார். "அம்புட்டுத்தான் சம்முகத்தா. நம்ம இளுத்த பக்கம் வரும்."

"கையி நடுங்காதா?"

"மொதல்ல நடுங்குச்சு. திரி சொருகுறப்ப நமக்குக் கையி நடுங்குமா? அதே கையிதான."

சண்முகத்தாய் தன் கையைப் பார்த்துக்கொண்டார். பேச்சியம்மாளின் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த கரியைத் தட்டிவிட்டார். "கம்பெனிக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார். ஏறியபின் சன்னல் வழியாக, "சாயங்காலம் வீட்டுக்கு வரேன். பட்டறைக்கு இல்ல, வீட்டுக்கு" என்றார். வேன் போய்விட்டது. பேச்சியம்மாள் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். குருசாமி அவர் கையிலிருந்து ராடை வாங்கி வைத்தார்.

7.30

நான் கிளம்பினேன். வெயில் ஏறாத சாலை. மேலே கேரியர் இருப்பதே தெரியவில்லை. எதிரே வந்த லாரிக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, என் பம்பரைப் பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போனார்.

எங்கள் திண்டுக்கல்லில் பூட்டுச் செய்கிறவர்கள் தங்கள் பெயரைப் பூட்டின் முகத்திலேயே அடித்துவிடுவார்கள். கடையில் தொங்கும்போதே பெயர் பத்தடிக்குத் தெரியும். எங்கள் ஊருக்கு அதில் ஒரு கர்வம் உண்டு, எனக்கும் உண்டு. ஏழாயிரம்பண்ணையில் செய்தவரின் பெயர் அடியில் இருக்கிறது. உருகிய இரும்பில், கொஞ்சம் கோணலாக, 'பேச்சி' என்ற மூன்றே எழுத்து. அதைப் படிக்கவேண்டுமென்றால் யாராக இருந்தாலும் சேலையோ சட்டையோ அழுக்காகத் தரையில் மல்லாந்து படுக்கத்தான் வேண்டும். திங்கட்கிழமை என் வண்டியைச் சர்வீஸுக்கு விடுகிறேன். மெக்கானிக்குகள் படுத்துப் படிக்கட்டும்.